அம்மாவின் அருவாமனைக்கு மூன்று அலகுகள்

இந்தப் பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா பரங்கிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது அருவாமனை அலகு, பலகைக்குள் இறங்கும் காம்புக்கு ஒரு விரல் மேலே டக்கென்று ஒடிந்துவிட்டது. பாட்டி காலத்து அலகு. சாணை பிடித்துப் பிடித்து நடுவயிறு பாதி தேய்ந்து பிறை மாதிரி ஆகியிருந்தது, இவ்வளவு நாள் தாங்கியதே பெரிசு. மறுநாள் கடையில் புதிதாக ஒன்று வாங்கினோம். வெறும் தகடு. பரங்கிக்காயில் இறங்கும்போதே நெளிகிறது, பலாக்காய்க்கு ஆகவே ஆகாது. அம்மா இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, "ஞாயித்துக்கிழமையானா இரும்பைப் போட்டு அடிச்சுக்கிட்டு இருக்கியே, எனக்கு ஒண்ணு அடிச்சுத் தரக்கூடாதா" என்று கேட்டார்.

நான் மானாமதுரைக்காரன். வாரத்தில் ஆறு நாள் கணக்கு எழுதும் வேலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கொல்லையில் உலை. இது மூன்றாவது வருடம். குறடு, சுவர்க் கொக்கி, களைக்கொத்து, ஒரு தோசைக்கரண்டி என்று சின்னச் சின்னதாகச் செய்திருக்கிறேனே தவிர, தோய்ச்சல் போட்டு (சூடேற்றித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கிக் கடினமாக்கி) வாய், அதாவது வெட்டும் விளிம்பு, வைக்க வேண்டிய பெரிய அலகு எதையும் தொட்டதில்லை. இந்த ஒரு அருவாமனைக்காக மூன்று அலகு அடித்தேன். முதலாவது வெடித்தது, இரண்டாவது முறுக்கிக்கொண்டது, மூன்றாவது இப்போது அடுப்படியில் இருக்கிறது. வீட்டில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு முதல் இரண்டும்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன், அதனால் அவற்றையும் விடாமல் எழுதுகிறேன்.

முதலில் உலை, ஏனென்றால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான். பழைய லாரி பிரேக் டிரம் ஒன்று, அடியில் ஒன்றரை அங்குலக் கறுப்பு பைப், சாம்பல் கொட்டக் கீழே ஒரு மூடி, பக்கவாட்டில் கையால் சுற்றும் புளோயர், அவ்வளவுதான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் மட்டும் வேண்டாம். சூடேறினால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போடும். டிரம்முக்குள் பூச மண் தேடி நான் அலையவில்லை, கடம் செய்கிற மண் இருக்கிற ஊர் இது. ஒரு கூடை மண் வாங்கி, அதே அளவு ஆற்று மணலும் நாலு கை உமிச் சாம்பலும் சேர்த்து மிதித்து, இரண்டு அங்குலக் கனத்துக்கு அப்பி, நிழலில் பத்து நாள் காயவிட்டேன். ஈரத்தோடு தீ மூட்டினால் பாளம் பாளமாக உதிர்ந்துவிடும். நொய்யல் ஆற்றங்கரையில் பழங்கால ஊரான கொடுமணலை அகழாய்வுக்காகத் தோண்டியபோது இரும்பு வேலை செய்த உலைகளின் மிச்சம் கிடைத்தது, அங்கேயும் மண்ணும் கரியும் காற்றும்தான். கைப்பிடி மண்ணை டிரம்மில் அப்பும்போது அந்த நினைப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

முதல் வருடம் தலைமுடி காயவைக்கிற டிரையரைத்தான் காற்றுக்கு வைத்திருந்தேன். நாம் அடைகல்லில் (இரும்பை மேலே வைத்து அடிக்கும் கட்டை) அடித்துக்கொண்டிருக்கும்போதும் காற்று நிற்காமல் போகும், கரி வீணாகத் தீரும், உலைக்குள் மறந்துவிட்ட துண்டு மத்தாப்பு மாதிரி பொறி கக்கி எரிந்தே போகும். கைப்புளோயரில் கையை எடுத்தால் தீயும் அடங்கிவிடுகிறது. கரி சீமைக்கருவேலங்கரி, சிவகங்கை ராமநாதபுரம் பக்கம் அதற்குப் பஞ்சமே கிடையாது. நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டுப் போட வேண்டும். ஒரு சாயங்காலத்துக்கு எனக்கு ஐந்து கிலோ வரை ஆகிறது. கொட்டாங்குச்சிக் கரியும் போட்டுப் பார்த்தேன், சூடு அருமையாக வருகிறது, ஆனால் சில்லுகள் தட்டையாகப் படிந்து காற்றை அடைத்துவிடுகின்றன. மூடிய அறைக்குள் மட்டும் கரியுலை வேண்டவே வேண்டாம். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு தேடுகிறவர்கள் நிறையப் பேர். தண்டவாளம் ரயில்வே சொத்து, முறையாக ஏலத்தில் போனது என்பதற்குக் காகிதம் இல்லாமல் வைத்திருந்தால் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கே வரும். நான் லாரியின் பின் ஆக்சில் ஷாஃப்ட் ஒன்றை வாங்கி, தட்டை முகம் மேலே வருகிற மாதிரி செங்குத்தாக நிறுத்தி, கறிக்கடையில் வைப்பார்களே அந்த மாதிரிப் புளியங்கட்டையில் ஓட்டை போட்டு இறக்கிவிட்டேன். முகம் பார்க்கச் சின்னதுதான், ஆனால் அடி விழுகிற இடத்துக்கு நேர் கீழே இரண்டடிக்கு மேல் இரும்பு நிற்கிறது, அடி வீணாவதே இல்லை. ஓட்டையைச் சுற்றி மணலை இறுக்கியதில் சத்தமும் பாதியாகக் குறைந்தது. உயரம், விரல்களை மடக்கிக் கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி உரசுகிற அளவு. அதற்கு மேல் வைத்தால் தோள் போய்விடும், கீழே வைத்தால் இடுப்பு.

இரும்பு, பழைய இரும்புக் கடையில் எடுத்த ஜீப் ஸ்பிரிங் பட்டை. 60 மில்லிமீட்டர் அகலம், 7 கனம். லாரிப் பட்டை இன்னும் கனம், கையால் தனியாக அடித்து இழுக்க ஒருநாள் போதாது. ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கார்பன் இருக்கும், கூடவே சிலிக்கானோ குரோமியமோ சேர்ந்திருக்கும், தோய்ச்சல் நன்றாகப் பிடிக்கும். கட்டடக் கம்பியில் அலகு அடித்தவர்கள் வாய் நிற்கவில்லை என்று வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அதில் கார்பன் அவ்வளவு கிடையாது, எத்தனை தோய்ச்சல் போட்டாலும் வாய் மழுங்கித்தான் போகும்.

பழைய பட்டையில் ஒரு ஆபத்து உண்டு. வருடக்கணக்காக ஆடி ஆடி உள்ளே மயிரிழை விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. துருவைச் சுரண்டிவிட்டு, டீசலைத் தடவி ஒரு இரவு அப்படியே விட்டு, மறுநாள் துணியால் நன்றாகத் துடைத்தபின் மேலே சாக்பீஸ் தூளைத் தேய்த்துப் பாருங்கள். விரிசலுக்குள் போன டீசல் அரைமணி நேரத்தில் வெள்ளைத் தூளின் மேல் மெல்லிய கோடாக ஊறி வெளியே வரும். நான் எடுத்த பட்டையில் நடு போல்ட் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் அப்படிக் கோடு தெரிந்தது. ஓட்டையிலிருந்து நாலு விரல் தள்ளி வெட்டி எடுத்தேன்.

சரி, அடிக்கிற கதைக்கு வருவோம். கத்திக்கு வாய் நேர் விளிம்பில் இருக்கும், இல்லையென்றால் வெளிவளைவில். அருவாமனைக்கு உள்வளைவில், அரிகிறவரைப் பார்த்து இருக்கும். ஒரு விளிம்பை அடித்து மெலிதாக்கினால் இரும்பு அகலத்தில் மட்டும் போகாது, நீளத்திலும் போகும். ஆக, உள்வளைவு விளிம்பை அடித்து வாயை இழுக்க இழுக்க அந்த விளிம்பு நீண்டுகொண்டே வருகிறது, அதனால் வளைவு விரிந்து விரிந்து நிமிர்ந்துவிடுகிறது. முதல் அலகில் இது எனக்குத் தெரியவில்லை. பாட்டியின் பழைய அலகைத் தரையில் வைத்துக் கரியால் கோடு போட்டு, அதே வளைவுக்கு அழகாக வளைத்துவிட்டு வாயை இழுக்க ஆரம்பித்தேன், முடிக்கும்போது பட்டாக்கத்தி மாதிரி நேராக நின்றது. மறுபடி வளைத்தால் மெலிந்த வாய் அலை அலையாக நெளிகிறது. இரண்டாவதிலிருந்து முதலிலேயே கூடுதலாக, கேள்விக்குறி மாதிரி வளைத்துக்கொண்டேன். வாய் இறங்க இறங்க அதுவாகவே விரிந்து கோட்டில் வந்து உட்கார்ந்தது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடிக்கும் சூடு பூசணிப்பூ நிறம். அது செம்பருத்தி நிறத்துக்கு இறங்கும்வரை அடிக்கலாம், அதற்குக் கீழே போனால் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உலையில் போட வேண்டியதுதான். ஆறிய ஸ்பிரிங் இரும்பை அடிப்பது விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. ஒவ்வொரு சூட்டிலும் அடிப்பதற்கு முன்னால் கம்பிப் பிரஷ்ஷால் பொருக்கை (சூட்டில் இரும்பின் மேல் படியும் கறுப்பு ஓடு) தேய்த்து விடுங்கள், இல்லாவிட்டால் அது இரும்புக்குள் பதிந்து முகமெல்லாம் அம்மைத் தழும்பாகிவிடும்.

முதல் அலகை எப்படியோ வளைத்து ஒப்பேற்றி, மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் தோய்ச்சல் போட்டேன். மதியம் பன்னிரண்டரை மணி, உச்சி வெயில். உலை கொல்லையில் திறந்த வெளியில். அலகை உள்ளே வைத்து ஊதுகிறேன், சிவந்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வெளியே எடுத்தால் கறுப்பாகத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊதி, ஒருவழியாகச் செம்பருத்தி நிறம் தெரிந்ததும் பக்கத்திலிருந்த போர் தண்ணீர் வாளியில் முழுசாக முக்கினேன். உஸ்ஸென்ற சத்தத்துக்கு நடுவே ணிங் என்று சின்னதாக ஒரு சத்தம். கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டால் வருமே, அந்தச் சத்தம். எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து முதுகை நோக்கி முக்கால் தூரத்துக்கு விரிசல். வைஸில் வைத்து லேசாகத் தட்டியதும் இரண்டாகப் போனது. உடைந்த இடம் கல்கண்டுத் தூள் ஒட்டியது மாதிரி பளபளவென்று மின்னியது. அது அழகாக இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அளவுக்கு மீறிச் சூடேறி இரும்பின் மணி (உள்ளே நெருங்கியிருக்கும் நுண்ணிய பளிங்குகள்) பெருத்துப்போனதன் அடையாளம் அது.

அடுத்த சனிக்கிழமை அந்த இரண்டு துண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு திருப்பாச்சேத்திக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம்தான், அரிவாளுக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு பெரியவர், எழுபது தாண்டியவர், பரம்பரையாகப் பட்டறை வைத்திருப்பவர், தெரிந்தவர் மூலமாகப் பார்த்தேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறோமோ என்று கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க வெச்சுத் தோச்ச தம்பி, வெளியவா?" என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். "உள்ள வா" என்றார்.

பட்டறைக்குள் நுழைந்து இரண்டு நிமிடம் வரை எனக்குக் கண்ணே தெரியவில்லை. தாழ்ந்த கூரை, ஜன்னல் கிடையாது, வாசலுக்குப் பக்கவாட்டில் உலை. வறுமையில் அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். "வெயில்ல வெச்சா நெருப்பு பொய் சொல்லும். ஆயிரம் சூடு ஏறியிருக்கும், உன் கண்ணுக்குச் செவப்பாத்தான் தெரியும். இருட்டுல பாரு" என்று ஒரு துண்டு இரும்பை உலையில் விட்டுக் காட்டினார். நான் சூடே ஏறவில்லை என்று நினைத்த நிலையிலேயே அது மங்கிய ரத்தச் சிவப்பில் தெரிய ஆரம்பித்தது. பிறகு படிப்படியாக ஒவ்வொரு நிறமும், மாடிப்படி மாதிரி, தனித்தனியாக. கொல்லையில் மூன்று வருடமாக நான் இந்த நிறங்களைப் பார்த்ததே இல்லை.

அவர் தண்ணீரில்தான் தோய்க்கிறார். ஆனால் அது காலையிலிருந்து சூட்டிரும்பு பட்டுப் பட்டு வெதுவெதுப்பாகிக் கிடக்கும் தண்ணீர். அலகு முழுவதையும் முக்குவதில்லை, வாயை மட்டும் அரை அங்குலம் நனைத்து, மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருந்து எடுத்துவிடுகிறார். முதுகில் சிவப்பு அப்படியே இருக்கிறது. உடனே ஒரு உடைந்த செங்கல் துண்டால் வாயைத் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். முதுகிலிருக்கும் சூடு வாயை நோக்கி ஓடிவரும்போது வெள்ளை இரும்பின் மேல் முதலில் வைக்கோல் நிறம் படர்கிறது, அதன் பின்னாலேயே பழுப்பு, அதற்கும் பின்னால் கத்தரிப்பூ நிறம். வைக்கோல் நிறம் வாய்க்கு வந்த நொடியில் மறுபடி தண்ணீரில் வைத்து நிறுத்திவிடுகிறார். கடினமாக்குவது, பதம் இறக்குவது (எளிதில் உடையாதபடி அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தணிப்பது), இரண்டும் ஒரே சூட்டில், ஒரு நிமிடத்துக்குள். நான் நாலு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தேன், சலிக்காமல் செய்து காட்டினார். அவருடைய வலது கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது, எப்போதோ தெறித்த பொருக்கு. கிளம்பும்போது, "கண்ணாடி போட்டுக்க தம்பி, எங்க காலத்துல அதெல்லாம் இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, உலைக்கு மூன்று பக்கமும் தார்ப்பாய்க்குப் பதில் பழைய துத்தநாகம் பூசாத தகரம் அடைத்து மேலே கூரை போட்டது, ஒரு பக்கம் முழுசாகத் திறந்து புகை போக வழி விட்டது. தோய்ச்சல் என்றால் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அப்புறம் தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெய்க்கு மாறினேன். அவர் கைக்குத் தண்ணீர் கேட்கும், என் கைக்குக் கேட்காது. எண்ணெய் மெதுவாக ஆற்றும், ஸ்பிரிங் இரும்புக்கு அந்த வேகம் போதும். பலகாரக் கடையில் கழித்த எண்ணெய் எட்டு லிட்டர் வாங்கி, வடிகட்டி, வெல்டிங் பட்டறையில் அடித்து வாங்கிய நீள இரும்புப் பெட்டியில் ஊற்றினேன். பெட்டிக்கு இறுக்கமான மூடி கட்டாயம், தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றினால் தீக்கோளமாக எழும்பும். கழித்த எஞ்சின் ஆயிலைச் சிலர் சொல்வார்கள், அந்தப் புகை உடம்புக்குக் கேடு, நான் தொடுவதில்லை. எண்ணெயை 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும், ஒரு இரும்புத் துண்டைச் சிவக்கக் காய்ச்சி உள்ளே விட்டுக் கலக்கினால் போதும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அலகைச் சுற்றி ஓடாமல் நின்றுவிடும்.

இரண்டாவது அலகை அடித்து முடித்ததும், தோய்ச்சலுக்கு முன்னால் மூன்று தடவை சூடேற்றிச் சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டேன். முதல் தடவை கொஞ்சம் தூக்கலான சூடு, அடுத்தது அதற்குக் கீழே, மூன்றாவது காந்தம் விடுகிற சூட்டுக்குச் சற்றே மேலே, ஒவ்வொரு முறையும் இருட்டில் சிவப்பு முழுக்க அணையும்வரை சும்மா தொங்கவிட்டுவிட வேண்டும். அடித்தபோது பெருத்த மணி இதில் நைசாகிவிடும். நேரம்தான் ஆகிறது, செலவு கிடையாது, இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி உலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் ஒட்டாது. அந்த நிறத்தை மனதில் வாங்கிக்கொண்டு, அதிலிருந்து ஒரு சாயல் மேலே போனால் 840, 850 டிகிரி வாக்கில் இருக்கும், அதுதான் தோய்ச்சல் சூடு. காந்தத்தை ஒட்டவைத்துக்கொண்டே நிற்காதீர்கள், தொட்டு எடுத்துவிட வேண்டும், சூட்டில் அதன் சக்தியே போய்விடும்.

இருட்டில், எண்ணெயில், எல்லாம் சரியாகத்தான் செய்தேன். வெடிக்கவில்லை. ஆனால் அலகு வாழையிலைச் சருகு மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது. காரணம் தோய்ச்சலில் இல்லை, அதற்கு முந்தைய வாரம் கிரைண்டரில் இருந்தது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தேய்த்திருக்கிறேன், மெலிந்த பக்கம் முதலில் ஆறி இழுத்துவிட்டது. போதாக்குறைக்கு எண்ணெய்க்குள் பக்கவாட்டில் அசைத்தேன். மறுநாள் காலை, பதம் இறக்குவதற்கு முன்னாலேயே, வைஸில் கடித்து நிமிர்த்தப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிற நிலையில் அதைச் செய்யவே கூடாது. இரண்டு அங்குலம் ஒடிந்து கையோடு வந்தது. ஒடிந்த இடத்தைப் பார்த்தபோதுதான் மனசு ஆறியது. மினுமினுப்பு எதுவும் இல்லை, சலித்த விபூதி மாதிரி நைசான சாம்பல் நிறம். சூடு இந்தத் தடவை சரியாக வந்திருக்கிறது.

மூன்றாவதில் அவசரமே படவில்லை. வாயைத் தோய்ச்சலுக்கு முன் கூராக்கவில்லை, ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு விட்டுவைத்தேன். இரண்டு பக்கமும் மார்க்கரால் நடுக்கோடு போட்டு, கிரைண்டரில் பாதி, மீதியை அரத்தால் சமப்படுத்தினேன். எண்ணெயில் முனை முதலில் இறங்கும்படி நேராக விட்டு, மேலும் கீழும் மட்டும் அசைத்தேன். எட்டு வரை எண்ணி வெளியே எடுத்து, இன்னும் எண்ணெய் புகைந்துகொண்டிருக்கும்போதே இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கிவிட்டேன். முழுக்க ஆறிக் கெட்டிப்படுவதற்கு முன் சில நொடிகள் இரும்பு சொன்னபடி கேட்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும். ஆறியபின் எடுத்து அரத்தை வாயில் வைத்து இழுத்தேன். கடிக்கவில்லை, கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அந்த வழுக்கலைக் கையில் உணர்ந்தபோது கொல்லையில் தனியாக நின்று கத்திவிட்டேன், அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

பதம் இறக்கப் பெரியவரின் செங்கல் முறையை இன்னும் பழகவில்லை, கேக் செய்கிற ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம். ஓவன் திருகியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் தனியாகக் கிடைக்கிறது. என் ஓவன் 200 என்று சொல்லும்போது 230 காட்டியது. வெளியே எடுத்தபோது அலகு முழுக்க அதே வைக்கோல் நிறம், ஆனால் ஓடிவரவில்லை, படிந்து நின்றது. காம்பை மட்டும் கேஸ் டார்ச்சால் நீலம் வரும்வரை தனியாகக் காய்ச்சினேன், வாயைத் தண்ணீர்த் துணியில் சுற்றிக்கொண்டு. காம்பு கடினமாக இருந்தால் பாட்டியின் அலகு மாதிரி அங்கேயே ஒடியும்.

தேங்காய் துருவும் முனையைச் சொல்ல மறந்துவிட்டேன். அதைத் தோய்ச்சலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். முனையை விசிறி மாதிரி அகலமாக அடித்து, கட்டையில் குடைந்த சின்னக் குழியில் வைத்து லேசாகக் குழித்து, முப்பட்டை அரத்தால் பதினாறு பல் வெட்டினேன். பல் ஊசியாக இருந்தால் தோய்ச்சலில் நுனி கருகிவிடும், கொஞ்சம் மொட்டையாக விட்டுக் கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம். மனைக்குப் பழைய நிலைக்கதவின் தேக்குப் பலகை. காம்புக்கு ஓட்டையைச் சற்றுச் சின்னதாகப் போட்டு, காம்பைப் போலவே இன்னொரு கம்பியைக் காய்ச்சி உள்ளே விட்டு எரித்து இறக்கினேன். அலகின் காம்பையே காய்ச்சினால் அந்தச் சூடு மேலேறி வாயின் பதத்தைக் கெடுத்துவிடும். கீழே தகடு வைத்து ரிவிட் அடித்தேன்.

இந்த ஆறு மாதத்தில் தெரிந்தவர்கள் செய்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு நண்பர் கேஸ் உலை கட்டியிருக்கிறார், பாக்குவெட்டி அடிக்கிறார், இரண்டு கையும் சேரும் மூட்டு மயிர் நுழையாத அளவுக்கு இருக்கிறது, என்னால் அது இன்னும் முடியாது. அவர் சொன்ன ஒரு எச்சரிக்கை: உள்ளே ஒட்டுகிற செராமிக் பஞ்சை அப்படியே விடக்கூடாது, அதன் இழை நுரையீரலுக்குள் போகும், மேலே உலைச் சாந்து பூசி மூடிவிட வேண்டும். பரமக்குடியிலிருந்து ஒரு தம்பி அடிக்கடி வருவான், வந்ததும் வாள் அடிக்கலாமா அண்ணே என்று கேட்டான். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனது தவிர ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திக்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், வாளுக்குச் சொல்லவே வேண்டாம். 2021-இல் அரிவாள் பட்டறைகள் வாங்குகிறவர்களின் விவரத்தை எழுதி வைக்க வேண்டும் என்று நம் காவல்துறை சொன்னதும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. முதலில் குறடு அடி என்று சொல்லியிருக்கிறேன். குறடு சரியாகப் பிடிக்காமல் சிவந்த இரும்பு காலில் விழுவதைவிடப் பெரிய ஆபத்து பட்டறையில் கிடையாது. பருத்திச் சட்டை, தோல் செருப்பல்ல தோல் ஷூ, கண்ணாடி, இந்த மூன்றும் இல்லாமல் அவனை உலைப் பக்கம் விடுவதில்லை. பாலியெஸ்டர் துணியில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

அருவாமனை அம்மா கைக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. முதல் நாள் வாழைக்காயை வைத்து ஒரு தள்ளு தள்ளிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த காயை எடுத்தார். அலகு இப்போது புளியும் வாழைப்பூவும் பட்டு நடுவில் கறுத்துவிட்டது, அதை அப்படியே விட்டுவிட்டோம், ராத்திரி துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் துரு வருவதில்லை. துருவலில் ஒரு பல் மட்டும் நுனி மடங்கியது, அந்த இடத்தில் நான் அதிகமாக அரம் போட்டிருக்கிறேன். வளைவு இன்னும் அரை அங்குலம் உள்ளே வந்திருந்தால் சின்ன வெங்காயம் நழுவாது என்று அம்மா சொல்கிறார், அது சரிதான்.

சித்தி இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். நேற்று புதுப் பட்டை ஒன்று எடுத்து வந்து டீசல் தடவி வைத்தேன். இன்று காலை சாக்பீஸ் தேய்த்ததில் பட்டை முனையில் சுருட்டியிருக்கும் கண் வளையத்துக்குப் பக்கம் மட்டும் ஒரு கோடு ஊறியிருக்கிறது, மற்ற இடமெல்லாம் சுத்தம். அந்த முனையை வெட்டித் தள்ளிவிட்டு ஞாயிறு சாயங்காலம் ஆரம்பிக்கிறேன்.